படத்தைத் திருத்தும் உரிமையை உலாவிக்குக் கொடுக்காதீர்கள்

சென்ற இதழில் வந்த கட்டுரையின் கோரிக்கை இது: படத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து, முக்கியமில்லாத பகுதிகளை எடுத்துவிட்டு, திரையின் அகலத்துக்கு ஏற்பப் படத்தை ஒடுக்கும் நுட்பத்தை எல்லா உலாவிகளும் தாமாகவே செய்யும்படி திறந்த வலைத்தரத்தில் எழுதிவிட வேண்டும். வானம், சுவர், புல்வெளி எல்லாம் வெறும் இடம். அதை எடுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. மொபைலில் பார்க்கிறவருக்கு டேட்டா மிச்சம். 2007இலேயே வந்துவிட்ட நுட்பத்தை இன்னும் தரத்தில் சேர்க்காதது தரம் வகுப்பவர்களின் சோம்பல். எதிர்ப்பவர்கள் புதுமைக்குப் பயந்தவர்கள். இவ்வளவையும் துளித் தயக்கமும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

எழுதியவர் வலைத்தளம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். டென்மார்க்கில் நம்முடைய சங்கங்களும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் தளம் வேண்டுமென்றால் இவரைப் போன்றவர்களிடம்தான் போகின்றன. அவர் சொன்னால் நம்புவார்கள். அதனால் மரியாதை கருதிச் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கட்டுரை விவரத்திலும் தவறு, கணக்கிலும் தவறு. இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் அவற்றைவிடப் பெரிய தவறு.

அந்த நுட்பம் என்ன செய்கிறது என்பதையே கட்டுரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதம் அங்கேயே விழுந்திருக்கும். 2007இல் சிக்ராஃப் மாநாட்டில் ஷாய் அவிதான், ஏரியல் ஷமீர் இருவரும் வெளியிட்ட முறை அது. ஸீம் கார்விங் என்று பெயர். படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மதிப்புப் போடப்படும். பக்கத்துப் பிக்சலிலிருந்து நிறமும் வெளிச்சமும் எவ்வளவு மாறுகிறதோ அதுதான் மதிப்பு. மாற்றம் அதிகம் என்றால் முக்கியம், குறைவு என்றால் முக்கியமில்லை. பிறகு மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை, வரிசைக்கு ஒரு பிக்சலாக, மொத்த மதிப்பு மிகக் குறைவாக வரும் ஒரு வளைந்த பாதையைக் கணினி தேடும். தையல் எனப்படும் அந்தப் பாதையை உருவிவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டும். படம் ஒரு பிக்சல் ஒடுங்கும். மறுபடி தேடல், மறுபடி உருவல். ஆயிரம் பிக்சல் குறைய வேண்டுமென்றால் ஆயிரம் தையல் போக வேண்டும்.

கணிதமாகப் பார்த்தால் மிக அழகான வேலை. 2008இல் போட்டோஷாப் சிஎஸ்4 இதைத் தன் கருவிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கிம்ப்பில் லிக்விட் ரீஸ்கேல் என்ற இலவச இணைப்பாகவும் கிடைக்கிறது. ஆனால் போட்டோஷாப்புக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். முடிவைப் பார்க்கிறார். பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்குகிறார். இந்த முகத்தைத் தொடாதே என்று பூசிக் காட்டுகிறார். கருவியைச் செய்தவர்களே அந்தப் பூச்சுக்கு வழி வைத்ததற்குக் காரணம், மனிதரின் கண் இல்லாமல் இது தடம் புரளும் என்று அவர்களுக்குத் தெரியும். கட்டுரையாளர் கேட்கும் உலாவியில் அந்த மனிதர் இல்லை. படம் எடுத்தவர் பார்க்கவில்லை, வெளியிட்டவர் பார்க்கவில்லை. பார்க்கிற வாசகருக்கோ மூலப்படம் எப்படி இருந்தது என்று தெரியாது.

வெற்றிடம் வீண் என்கிறாரே, அதை எடுத்துக்கொள்வோம். நான் இருப்பது கோபன்ஹேகனுக்கு மேற்கே உள்ள புரொண்பியில். ஊரின் தென்பகுதி புரொண்பி ஸ்ட்ராண்ட். 1970களின் தொடக்கத்தில் அங்கே 12 உயரக் குடியிருப்புக் கட்டடங்கள் எழும்பின. பின்னாளில் அவற்றில் ஐந்தில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் ஊறியிருப்பது தெரியவந்தது. குடியிருந்தவர்கள் வேறு வீடுகளுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த ஐந்தையும் இடித்துவிடுவது என்று முடிவானது. இந்த ஊரில் கடந்த சில ஆண்டுகளில் இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை.

இப்படி ஒரு கட்டடம் இடிந்த பிறகு எடுத்த படத்தில் எது செய்தி? கட்டடம் இருந்த இடத்தில் வானம் தெரிவதுதான் செய்தி. அந்தப் படத்தை இந்த நுட்பத்திடம் கொடுத்து அகலத்தைப் பாதியாக்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் கட்டடங்களில் பால்கனி, சன்னல், கம்பி என்று அடிக்கு அடி வெளிச்சம் மாறுகிறது. அங்கே மதிப்பு எகிறும். இடையில் உள்ள வானத்தில் மாற்றமே இல்லை. மதிப்பு கிட்டத்தட்டப் பூச்சியம். அதன் கீழே புல்தரை, அதுவும் சமமானது. முதல் தையல் அந்த இடைவெளியில் இறங்கும். இரண்டாவதும் அங்கேயே. நூறாவதும் அங்கேயே. கடைசியில் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இடிபட்டதன் சுவடே படத்தில் இராது. படத்தின் பொருளையே பிடுங்கி எறிந்துவிட்டு, எதையும் இழக்கவில்லை என்று உலாவி சாதிக்கும். இதைத்தான் வாசகருக்குச் செய்யும் உதவி என்று அந்தக் கட்டுரை எழுதுகிறது.

இதே ஊரின் இன்னொரு முகம் உலகம் முழுக்கத் தெரிந்தது: புரொண்பி ஹேவெபி. எரிக் மியூகின்ட் 1960களில் வடிவமைத்த தோட்டக் குடியிருப்பு. ஒவ்வொரு தொகுதியும் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவிலிருந்து தோட்டங்கள் ஆப்பு ஆப்பாக வெளியே விரியும். மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வட்டங்களிலிருந்து தையல் தையலாக உருவினால், சமமான புல் உள்ள தோட்டம் குறுகும், மரமும் கூரையும் நெருங்கிய தோட்டம் அப்படியே நிற்கும். ஒரு பக்கம் நசுங்கி, ஒரு பக்கம் புடைத்து, விளிம்பு உடைந்து உடைந்து போகும். வட்டம், சாய்கோடு, சமச்சீர் இவை இருக்கும் எந்தப் படத்துக்கும் இதே கதிதான். ஹெர்னிங் கோயிலின் தேர்த்திருவிழாவில் எடுத்த படத்தில் தேர்ச் சக்கரம் வட்டம், வடம் சாய்கோடு. வாசலில் போட்ட கோலம் முழுக்க முழுக்கச் சமச்சீர். சக்கரம் நெளிந்து, வடம் படிக்கட்டு மாதிரி முறிந்து, புள்ளிக்குப் புள்ளி இடைவெளி மாறிய கோலத்தைத் தளத்தில் போட்டுவிட்டு அந்தக் கோயில்காரர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்?

முகங்களுக்கு வருவோம். இங்கேதான் அந்தக் கட்டுரையின் அறியாமை எனக்குக் கோபத்தைத் தருகிறது. டேனிஷ் வீடுகளில் பாதிக்கு மேல் செங்கல் சுவர்தான் என்று தோன்றும், அவ்வளவு செங்கல். அந்தச் சுவருக்கு முன்னால் பட்டுச்சேலை உடுத்திய ஒரு அம்மா நிற்கிறார் என்று வையுங்கள். செங்கலுக்கும் சாந்துக்கும் நிறம் மாறுகிறது, மதிப்பு அதிகம். ஜரிகையில் ஒளி துள்ளுகிறது. மதிப்பு மிக அதிகம். அம்மாவின் கன்னமும் நெற்றியும் மென்மையானவை, வெளிச்சம் மெதுவாகத்தான் மாறும். ஆகவே மதிப்பு குறைவு. கணினிக்குச் சுவர் முக்கியம், ஜரிகை முக்கியம், அம்மாவின் முகம் வெறும் இடம். தையல் முகத்தின் நடுவே இறங்கும். இது நான் கற்பனை செய்த ஆபத்தல்ல. முகங்களிலும், நெருக்கமான விவரம் நிறைந்த படங்களிலும் தங்கள் முறை தடுமாறும் என்பதை 2007 ஆய்வுரையை எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நேர்மையாகச் சொன்னதை நம் கட்டுரையாளர் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைத்திருக்கிறார். இரண்டில் எது என்று அவரே சொல்லட்டும்.

முகம் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துவிட்டால் போதும் என்பது அவருடைய அடுத்த வரி. சேர்த்துப் பார்த்தாயிற்று. கோடிக்கணக்கானவர்கள் மேல் சோதித்தும் பார்த்தாயிற்று. 2018இல் ட்விட்டர், படத்தில் மனிதக் கண் முதலில் எங்கே போகும் என்று கணித்து அந்த இடத்தைச் சுற்றி வெட்டும் நரம்பு வலைப்பின்னலைக் கொண்டுவந்தது. 2020 செப்டம்பரில் பயனர்கள் பராக் ஒபாமாவின் முகத்தையும் வெள்ளையரான மிட்ச் மெக்கானலின் முகத்தையும் ஒரே நீளப் படத்தில் மேலும் கீழுமாக வைத்துப் போட்டார்கள். எப்படி மாற்றி வைத்தாலும் வெள்ளைக்காரர் முகமே முன்னோட்டத்தில் வந்தது. நிறுவனம் தானே ஆராய்ந்து 2021 மே மாதம் முடிவை வெளியிட்டது: சம வாய்ப்பிலிருந்து வெள்ளையர் பக்கம் 4 சதவீதச் சாய்வு, கறுப்பினப் பெண்களோடு ஒப்பிட்டால் வெள்ளைப் பெண்கள் பக்கம் 7 சதவீதச் சாய்வு. ஆய்வை நடத்திய குழுவின் தலைவர் ரம்மான் சௌத்ரி, படத்தை எங்கே வெட்டுவது என்பது மனிதர்கள் எடுக்க வேண்டிய முடிவு என்று எழுதினார். அந்த நுட்பத்தை மொபைல் செயலியில் கைவிட்டு, வழக்கமான அளவுள்ள படங்களை முழுதாகக் காட்டத் தொடங்கினார்கள்.

அதோடு முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், இந்த வெட்டும் நிரலில் இன்னும் என்ன சாய்வு இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு பெற்றவர், நிரல் இளமையான, ஒல்லியான, வெளிர்நிற முகங்களை விரும்புவதைக் காட்டினார். மூன்றாம் பரிசு பெற்ற ஆய்வைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மீம்களில் ஆங்கிலமும் அரபியும் சேர்ந்து இருக்கும்போது நிரல் ஆங்கில எழுத்தின் பக்கம் சாய்ந்து, அரபு எழுத்தை வெளியே தள்ளுகிறது என்று அது காட்டியது. நம் விழா அழைப்பிதழ்கள் எல்லாம் இருமொழியில்தான் வருகின்றன, மேலே தமிழ், கீழே டேனிஷ். லத்தீன் எழுத்துகளைத் தின்று வளர்ந்த ஒரு நிரல் தமிழை எப்படிப் பார்க்கும் என்ற கேள்வியை, தமிழில் எழுதும் ஒரு வலை வடிவமைப்பாளர் முதலில் கேட்டிருக்க வேண்டாமா? ட்விட்டர் ஒரு நிறுவனம். தவறு தெரிந்ததும் விட்டுவிட்டது. இதையே வலைத்தரம் ஆக்கியிருந்தால் ஒவ்வொரு உலாவியிலும், ஒவ்வொரு மொபைலிலும், ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியிலும் உட்கார்ந்திருக்கும். வலைத்தரத்தில் ஒருமுறை நுழைந்ததை வெளியே எடுப்பது லேசில் நடக்கிற காரியமல்ல. அதை நம்பிக் கட்டிய பக்கங்கள் உடையும் என்று யாரும் கைவைக்கத் துணிய மாட்டார்கள்.

வெட்டுவதற்கும் தையல் உருவுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் அவர் பார்க்கவில்லை. ஓரத்தை வெட்டினால் படத்தில் ஒரு பகுதி இல்லாமல் போகிறது; மிச்சம் இருப்பது உண்மை. நடுவிலிருந்து உருவினால் மிச்சம் இருப்பதே பொய். பத்து அடி தள்ளி நின்ற இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனுக்கும் கைகட்டப்பட்டிருந்தவனுக்கும் இடையே இருந்த தூரம் மாறும். இந்த உதாரணத்தை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். 2009இல் ஈழத்துப் போர் முடிவிலிருந்து வெளியே வந்த, கைகட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் கைப்பேசிக் காணொளியைப் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியபோது, அது சோடிக்கப்பட்டது என்று இலங்கை அரசு சொன்னது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், காணொளித் தடயவியல், உடற்கூறு, துப்பாக்கி என்று மூன்று துறை நிபுணர்களைக் கொண்டு பரிசோதித்து, அது மெய்யானது என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று அறிவித்தார். காட்சியில் இருந்த அசைவுகள் நுணுக்கமாக ஆராயப்பட்டன. படம் மெய்யா என்ற கேள்விமேல் இவ்வளவு தொங்கிய ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர், உலகத்துப் படங்கள் அத்தனையிலும் தூரத்தை மாற்றும் வேலையை ஒரு நிரலிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்.

மூலக் கோப்பு சர்வரில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்பார். மக்கள் மூலக் கோப்பையா அனுப்புகிறார்கள்? திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஒரே செய்தியின் ஒரே படம் அண்ணனின் மொபைலில் ஒரு மாதிரி, தங்கையின் மடிக்கணினியில் வேறு மாதிரி. இரண்டு திரைப்பிடிப்புகளையும் பக்கத்தில் வைத்து இது சோடித்த படம் என்று எவனாவது கிளம்பினால் அவனை மறுக்க வழி இருக்காது, ஏனென்றால் அவன் சொல்வது உண்மையாக இருக்கும். டென்மார்க்கிலேயே 2009இல் ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படப் போட்டியில், ஹெய்ட்டி பற்றிய ஒரு படத் தொடரின் நிறங்கள் மிகையாகத் தோன்றியதால் நடுவர்கள் கேமராவின் மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, போட்டியிலிருந்து நீக்கினார்கள். நிறத்தைக் கூட்டியதற்கே அந்தக் கண்டிப்பு. இங்கே கேட்பதோ யார் எங்கே நின்றார் என்பதையே மாற்ற அனுமதி.

டேட்டா மிச்சம் என்ற வாதத்துக்கு அதிக இடம் வேண்டாம். அது நேரடியான தவறு. உலாவி படத்தைச் சுருக்க வேண்டுமானால் முதலில் முழுப் படத்தையும் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு சுருக்கி மிச்சமாவது ஒரு பைட்கூட இல்லை. மாறாக மொபைலின் மின்சாரம் போகும். 1200க்கு 800 பிக்சல் படத்தை 600 அகலத்துக்கு ஒடுக்குவோம். 600 தையல், சராசரி அகலம் 900. 900ஐ 800ஆல் பெருக்கினால் 7.2 லட்சம். அதை 600ஆல் பெருக்கினால் ஒரே படத்துக்கு 43 கோடிக்கு மேல் பிக்சல் கணக்குகள். இருபது படம் உள்ள விழாப் பக்கத்துக்கு 860 கோடி. முன்கூட்டியே தையல் வரிசையைக் கணக்கிட்டுக் கோப்போடு அனுப்பலாம் என்றால், அதற்கான எண்களும் கோப்பில் ஏறும், கோப்பு பெருக்கும். டேட்டா உண்மையிலேயே மிச்சமாக வழி ஏற்கெனவே தரத்தில் இருக்கிறது. ஒரே படத்தின் 400, 800, 1600 பிக்சல் பிரதிகளைப் பக்கத்தின் நிரலில் எஸ்ஆர்சி-செட் என்ற பண்பில் எழுதி வைத்தால் உலாவி தனக்கு வேண்டியதை மட்டும் இறக்கும்.

அந்த வழி சோம்பேறிகள் செய்ததா? 2010இல் ஈதன் மார்காட் திரைக்கு ஏற்ப வளையும் வலை வடிவமைப்பைப் பற்றி எழுதிய பிறகு, படங்களை என்ன செய்வது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. 2012இல் வலை வடிவமைப்பாளர்கள், வலைத்தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியில் தனிக் குழுவே அமைத்தார்கள். உலாவிக்காரர்கள் ஒரு வழியைத் தரத்தில் ஏற்ற, வடிவமைப்பாளர்கள் தங்கள் முன்மொழிவைத் தள்ளிவிட்டார்கள் என்று கொதித்தெழ, ஒருவழியாக இரண்டும் இணைந்தன. குரோமில் அதைச் செய்யும் வேலைக்கு யோவ் வைஸ் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 2014 அக்டோபரில் குரோம் 38இல், திரைக்கு ஏற்ற படத்தைத் தரும் 'பிக்சர்' என்ற குறியீடு வந்தது. இத்தனை வருடச் சண்டையில் அவர்கள் விட்டுக்கொடுக்காத ஒன்று, சிறிய திரையில் எந்த வெட்டைக் காட்டுவது என்பதை வெளியிடுபவர் தீர்மானிக்க வேண்டும் என்பது. பெரிய திரைக்கு முழு மண்டபம், மொபைலுக்கு மேடை மட்டும் என்று அவரே இரண்டு படம் கொடுக்கலாம். கட்டுரையாளர் கேட்பது அதற்கு நேர் எதிரானது.

'திறந்த' என்ற சொல்லை அவர் பத்து இடத்தில் போடுகிறார். ஸீம் கார்விங்குக்கு மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஆய்வுக்கூடம் 2007இல் விண்ணப்பித்து 2010இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது என்பது அவர் கட்டுரையில் எங்கும் இல்லை. இணையம் இந்தப் பாடத்தை ஒருமுறை வலித்தே படித்தது. எல்லாரும் ஜிஃப் படங்களைப் போட்டு முடித்த பிறகு, 1994 கடைசியில், அதற்குள் இருந்த சுருக்கும் முறை யுனிசிஸின் காப்புரிமை என்று தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி என்ற பட வடிவம். 1996இல் அது டபிள்யூ3சி பரிந்துரையாயிற்று. அமெரிக்காவில் யுனிசிஸ் காப்புரிமை காலாவதியானது 2003இல். 2004இல் டபிள்யூ3சி தன் காப்புரிமைக் கொள்கையை வகுத்தது: தரத்தில் ஏறும் எதுவும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

அவர் குடியிருக்கும் இந்த நாடே அதைச் சொல்லியிருக்கிறது. 2006 ஜூன் 2 அன்று டேனிஷ் நாடாளுமன்றம் பி103 என்ற தீர்மானத்தை நிறைவேற்றி, அரசுத் துறைகள் 2008 ஜனவரி முதல் திறந்த தரங்களையே பயன்படுத்த வேண்டும் என்றது. முழுதாக ஆவணப்படுத்தி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும், சட்டத் தடையோ பணத் தடையோ இல்லாமல் யாரும் செய்துகொள்ள முடிய வேண்டும், திறந்த அரங்கில் வகுக்கப்பட வேண்டும் என்பது அதன் அளவுகோல். காப்புரிமை பெற்ற ஒரு முறையும், எந்தப் படங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள் என்று வெளியே தெரியாத ஒரு நிறுவனத்தின் நுண்ணறிவும் சேர்ந்த கலவை இதில் எந்த நிபந்தனைக்குத் தேறும்? குரோமுக்கு ஒரு நுண்ணறிவு, சஃபாரிக்கு ஒன்று, பயர்பாக்ஸுக்கு ஒன்று என்று ஆகும். ஒரே பக்கம் எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே தரமே இருக்கிறது? படத்தின் மேல் குறிவைத்துச் சொடுக்கும் வரைபடங்கள் ஆயத்தொலைவுகளை நம்பி நிற்கின்றன. உலாவி நடுவிலிருந்து உருவினால் யாழ்ப்பாணத்தைத் தொட்டவருக்கு வவுனியா திறக்கும். பார்வையற்றவருக்காக எழுதிய மாற்று வரி, படத்தில் இப்போது இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மக்களுக்கு இந்த நுட்பம் பிடிக்கும் என்று அவர் உறுதி கூறுகிறார். 2010 சிக்ராஃப் ஆசியாவில் மைக்கேல் ரூபின்ஸ்டீனும் மற்றவர்களும் ஒரு பெரிய ஒப்பீட்டை வெளியிட்டார்கள். எட்டு முறைகளில் படங்களை மாற்றி, மனிதர்களிடம் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். கையால் ஓரம் வெட்டிய படங்கள் முன்னணியில் நின்றன. ஸீம் கார்விங் தனியாகச் செய்த படங்கள் பின்தங்கின. அந்த ஆய்வுக்குழுவில் ஏரியல் ஷமீரும் ஒருவர். கண்டுபிடித்தவரே பங்கேற்ற ஆய்வு சொல்வதை மீறி இங்கே ஒருவர் அதைத் தரமாக்கச் சொல்கிறார்.

ஒரே ஒரு இடத்தில் அவர் சொல்வது நியாயம். சிறிய சங்கத்திடம், கோயிலிடம் படத்துக்கு மூன்று வெட்டுப் போட ஆளில்லை. விழா முடிந்த இரவு ஒரு தன்னார்வத் தம்பி நூறு படங்களை ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் மொபைலில் பார்த்தால் நடனமாடிய பிள்ளையின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. இந்தக் கஷ்டம் நிஜம். இதற்குத் தீர்வு வேண்டும்.

அந்தத் தம்பியால் ஒன்று செய்ய முடியும்: படத்தில் எது முக்கியமோ அதன்மேல் ஒருமுறை விரலை வைக்க முடியும். வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஆப்ஜெக்ட்-ஃபிட், ஆப்ஜெக்ட்-பொசிஷன் இரண்டும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. வெட்டும்போது எந்தப் புள்ளியை விடக்கூடாது என்று சொல்லலாம். வேர்ட்பிரஸ்ஸில் முகப்புப் படத்துக்கு அந்தப் புள்ளியை விரலால் வைக்கும் வசதியே இருக்கிறது. குறை என்னவென்றால், அந்தப் புள்ளி அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. படத்தை எடுத்து வேறு தளத்தில் போட்டால் கூடப் போவதில்லை. பத்திரிகைத் துறையின் ஐபிடிசி அமைப்பு 2019இல் இதற்கும் வழி வகுத்துவிட்டது: படக் கோப்புக்குள்ளேயே ஒரு பகுதியை வரையறுத்து, இது சதுர வெட்டுக்கு, இது நெடுக்கு வெட்டுக்கு என்று எழுதிவைக்கலாம். அதை எந்த உலாவியும் படிப்பதில்லை.

கோப்புக்குள் இருக்கும் குறிப்பைப் படிப்பது உலாவிக்குப் புதிதும் அல்ல. மொபைலை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் தளத்தில் பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்த காலம் நினைவிருக்கும். கேமரா தன் கோப்பில் எழுதும் திசைக் குறிப்பை உலாவி கண்டுகொள்ளாததுதான் காரணம். 2020இல் குரோம் 81, பயர்பாக்ஸ் 77 முதல் அந்தக் குறிப்பைத் தாமாகவே படித்து நிமிர்த்துகின்றன. எந்த நுண்ணறிவும் ஊகிக்கவில்லை. எழுதியிருப்பதைப் படிக்கின்றன, எல்லா உலாவியும் ஒரே மாதிரி. திசைக்குச் செய்ததை முக்கியப் புள்ளிக்கும் செய்யச் சொல்லி சிஎஸ்எஸ் பணிக்குழுவிடம் கேட்க வேண்டும். காப்புரிமைத் தொல்லை இல்லை, மின்சாரச் செலவு இல்லை. யார் முகம் முக்கியம் என்பதை அந்த முகத்துக்குரியவர்களை அறிந்த ஒருவர் முடிவு செய்கிறார். தரம் வகுக்கும் இடங்களோடு தமக்குப் பழக்கம் உண்டு என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். இந்தக் கோரிக்கையை அவர் எழுதட்டும். நானும் கையெழுத்துப் போடுகிறேன், டென்மார்க்கில் எனக்குத் தெரிந்த சங்கங்களிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.